விலைக்கு வராத சோழி

சீனத்தில் தாய் பிள்ளையைக் கொஞ்சும்போதும், காதலன் கைபேசியில் காதலியை அழைக்கும்போதும், பழம்பொருள் வியாபாரி துணிச்சுற்றைப் பிரித்துப் பீங்கான் கிண்ணம் ஒன்றை எடுத்துக் காட்டும்போதும் வாயில் வரும் சொல் ஒன்றுதான்: ‘பாவ்பெய்’. ஊரில் வேறெவரிடமும் இல்லாத பொருள் பாவ்பெய். பொத்திப் பொத்தி வளர்க்கும் ஒற்றைப் பிள்ளை பாவ்பெய். ஊர் சிரிக்கும்படி கோமாளித்தனம் செய்கிறவனையும் ‘அவன் ஒரு பாவ்பெய்’ என்று எகத்தாளமாகச் சொல்வார்கள். எழுதும்போது இரண்டு சித்திர எழுத்துகள். முதலாவதான ‘பாவ்’ என்பதற்கு அருமையானது, போற்றத்தக்கது என்று பொருள். இரண்டாவதான ‘பெய்’ என்பது சோழி. தாயத்துக்கு நாம் உருட்டுகிற, சித்த வைத்தியர் பலகறை என்று சொல்லிப் பற்பம் செய்கிற அதே சோழிதான்.

சோழி எப்படிச் செல்லமாயிற்று என்பதற்கு எல்லோரும் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. சீனத்தின் முதல் நாணயம் சோழி. சோழி என்றால் பணம். பணம் என்றால் செல்வம். அங்கிருந்து செல்லத்துக்கு ஒரே எட்டு. எழுத்துகளும் இதற்குச் சாட்சி சொல்வதுபோல்தான் தெரிகிறது. 3,000 ஆண்டுகளுக்கு முன் எலும்பிலும் ஆமை ஓட்டிலும் கீறப்பட்ட எழுத்துகளில் ‘பெய்’ என்பது வாய் பிளந்த சோழியின் படம். அது பின்னாளில் நூற்றுக்கணக்கான எழுத்துகளுக்குள் உறுப்பாகப் போய் உட்கார்ந்துகொண்டது. சரக்கு, சொத்து, கடன், காணிக்கை, சூதாட்டம், லஞ்சம், பேராசை, ஏழ்மை, திருடன் ஆகிய சொற்களை எழுதினால் ஒவ்வொன்றிலும் ஒரு சோழி இருக்கும். ‘விலை உயர்ந்தது’ என்று எழுதினாலும் சோழி உண்டு, ‘மலிவானது’ என்று எழுதினாலும் உண்டு.

இந்த விளக்கம் எனக்குப் பாதிதான் ஒப்புதல். சீன நிலத்தில் சோழி உச்சமாகப் போற்றப்பட்ட காலத்தில் அது காசாக இருந்ததற்குச் சான்று மெலிவாக இருக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் அது காசாகப் புழங்கிய இடத்திலோ, அதை யாரும் அருமை என்று பொத்தி வைக்கவில்லை. இந்த இரண்டு சோழிகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் பாவ்பெய் என்ற சொல்லின் உள்ளடக்கம் நமக்குப் பிடிபடாமல் போகிறது.

1976-ல் ஆன்யாங் நகரை ஒட்டிய யின்ஷூ பகுதியில், தொல்லியலாளர் செங் சென்ஷியாங் தலைமையில் ஒரு கல்லறை திறக்கப்பட்டது. ஷாங் அரசன் வூ திங்கின் மனைவியருள் ஒருத்தியான ஃபூ ஹாவின் கல்லறை அது. காலம் கி.மு. 1200-ஐ ஒட்டியது. படை நடத்திப் போருக்குப் போனவள் என்று எலும்பு எழுத்துகள் சொல்லும் பெண் அவள். திருடர் கை படாத கல்லறை என்பதால் வைத்தது வைத்தபடி கிடைத்தது: வெண்கலப் பொருட்கள் 468, ஜேடு கல்லால் செய்தவை 755, அவற்றோடு 6,800-க்கும் மேற்பட்ட சோழிகள். ஷாங் கல்லறைகளில் சோழி கிடைப்பது புதிதல்ல. இறந்தவரின் வாயில் வைத்திருப்பார்கள், கையில் திணித்திருப்பார்கள். தேர்க்குதிரையின் கடிவாள வாரில் வரிசையாகக் கோத்திருப்பார்கள். கோப்பதற்காக முதுகைத் தேய்த்து ஓட்டை போட்டிருப்பார்கள். ஏழை எளியவரின் குழிகளிலும் ஒன்றிரண்டு கிடைக்கும். ஆனால் ஒரே ஆளுக்கு ஆயிரக்கணக்கில் என்பது வேறு கதை.

ஆன்யாங் கடற்கரை ஊர் அல்ல. போகட்டும், அருகிலுள்ள கடலில் கிடைத்திருக்கலாமே என்றால் அதுவும் முடியாது. இந்தச் சோழி வெதுவெதுப்பான வெப்பமண்டலக் கடலில்தான் வாழும். வட சீனக் கடல்களின் குளிர் அதற்கு ஆகாது. தென் சீனக் கடலிலிருந்து வந்திருக்கும் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 1995-ல் பெங் கே, சூ யான்ஷி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கிடைத்த இடங்களையெல்லாம் வரைபடத்தில் குறித்துப் பார்த்து வேறொன்றைச் சொன்னார்கள். பழைய சோழிகள் சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையில் மிக அரிதாகவும், கடலே இல்லாத வடமேற்கில் நிறையவும் கிடைக்கின்றன. ஆகவே அவை இந்தியப் பெருங்கடலில் பிறந்து, ஆசியப் புல்வெளிகள் வழியாகக் கைமாறிக் கைமாறி வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. எல்லோரும் இதை ஏற்றுவிட்டதாகச் சொல்ல முடியாது. எந்த வழியானாலும், ஆன்யாங்கில் சோழியைக் கையில் எடுத்தவர் எவரும் அது உயிரோடு கடலில் ஊர்ந்ததைப் பார்த்திருக்க மாட்டார் என்பது மட்டும் உறுதி. தொலைவே அதன் மதிப்பு.

இப்படி வந்த சோழியை வைத்து என்ன செய்தார்கள்? வெண்கலப் பாத்திரங்களின் உட்புறத்தில் வார்த்த எழுத்துகள் திரும்பத் திரும்ப ஒரே நிகழ்ச்சியைச் சொல்கின்றன: அரசன் கொடுத்தான், இவன் வாங்கிக்கொண்டான். 1963-ல் ஷான்ஷி மாநிலத்தின் பாவ்ஜியில் வெளிப்பட்ட ‘ஹே’ என்பவரின் மதுக்கலயத்தை எடுத்துக்கொள்ளலாம். ‘சோங்குவோ’, அதாவது நடுநாடு, என்று சீனர்கள் இன்று தங்கள் நாட்டுக்கு வைத்திருக்கும் பெயர் முதன்முதலில் எழுத்தில் காணப்படுவது இந்தக் கலயத்தில்தான். அந்தப் பெருமையில் அதன் கடைசிப் பகுதியைப் பலரும் படிப்பதில்லை. ஷாங்குக்குப் பின் வந்த சோவ் மரபின் இளம் அரசன், ஹேயின் தந்தை செய்த ஊழியத்தை நினைவுகூர்ந்து பேசுகிறான். பேசி முடித்து 30 பெங் சோழி பரிசளிக்கிறான். அந்தப் பரிசின் நினைவாக ஹே இந்தக் கலயத்தைச் செய்விக்கிறான். பெங் என்பது சோழிக் கோவையின் அளவு. ஒரு பெங்குக்குப் பத்துச் சோழி என்பது அறிஞர் வாங் குவோவெய் சொன்ன கணக்கு. அப்படியானால் 300 சோழி. அதை வாங்கிக்கொண்டு ஒருவன் அதைவிடப் பன்மடங்கு செலவாகும் வெண்கலக் கலயம் வார்க்கிறான் என்றால், அவன் வாங்கியது கூலி அல்ல. அரசன் கையால் கிடைத்த மரியாதை.

இத்தகைய பாத்திரங்கள் பலவற்றிலும் எழுத்து முடியும் விதமும் கவனிக்கத்தக்கது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதை என்றென்றும் போற்றிப் பயன்படுத்தட்டும் என்று ஒரு வாய்பாடு வரும். அங்கே ‘போற்றி’ என்பதற்கு இருக்கும் எழுத்துதான் ‘பாவ்’. அது பெயர்ச்சொல்லாக மட்டுமின்றி வினையாகவும் நிற்கிறது. பொருளைக் கைவிடாமல் காப்பது என்ற வேலையைக் குறிக்கிறது. பாவும் பெய்யும் ஒரே வெண்கலத்தில் இப்படி அருகருகே நிற்கும்போது, சோழி வந்த இடமும் அது போய்ச் சேரும் இடமும் தெரிகின்றன. அரண்மனையிலிருந்து வரும், குடும்பத்தில் தங்கும். நடுவில் சந்தை இல்லை.

தைவானின் தொல்லியலாளர் லி யுங்தி 2003-ல் எழுதிய ஆய்வில் இதைத்தான் அழுத்திச் சொன்னார். ஷாங் காலத்திலும் மேற்கு சோவ் காலத்திலும் சோழி அணிகலனாக, சடங்குப் பொருளாக, பரிசாக இருந்தது. நாணயமாக இருந்தது என்று காட்ட முடியாது என்பது அவர் வாதம். எனக்கு அது பெரும்பாலும் சரியாகப் படுகிறது. ஆனால் அதற்கு முட்டுக்கட்டையாக ஒரு பாத்திரம் இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் போவது நேர்மையல்ல.

1975-ல் ஷான்ஷியின் சிஷான் வட்டத்தில் தோண்டி எடுத்த புதையலில், தோல் பதனிடும் தொழிலை மேற்பார்த்த ச்யூ வெய் என்பவரின் கெண்டி ஒன்று இருந்தது. அதில் உள்ள கணக்கு இது. அரசன் கொடி நாட்டும் விழா வருகிறது, ஜூ பிரபுவுக்கு விழாவில் பிடிக்க ஜேடு கல் வேண்டும், அவரிடம் இல்லை. வெய்யிடம் வருகிறார். கல்லின் மதிப்பு 80 பெங் என்று பேசி, அதற்கு ஈடாகப் பத்து வயல் கொடுக்கிறார். இன்னும் சில ஜேடு உருக்களும் தோல் உடைகளும் 20 பெங் என்று பேசி, மூன்று வயல் கொடுக்கிறார். பரம்பரைப் பிரபு நிலத்தை இழக்க, தோல் தொழில்காரன் நிலக்கிழான் ஆகிறான். காலம் புரளுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் அரிது. நம் கேள்விக்கு இங்கே முக்கியமானது வேறு. மதிப்பு சோழியில் சொல்லப்படுகிறது, ஆனால் ஒரு சோழியும் கைமாறவில்லை. கல் போகிறது, வயல் வருகிறது. எல்லோரும் மதிக்கும் ஒன்றை அளவுகோலாக வைத்துப் பேரம் பேசியிருக்கிறார்கள். அளவுகோலாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. சந்தையில் எண்ணிக் கொடுத்தார்கள் என்பதற்கு இது போதாது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எலும்பிலும் கல்லிலும் வெண்கலத்திலும் போலிச் சோழிகள் செய்தார்கள். தெற்கே ச்சூ நாட்டில் சோழி வடிவ வெண்கலக் காசுகள் உண்மையிலேயே புழங்கின. கி.மு. 221-ல் நாட்டை ஒன்றாக்கிய ச்சின் பேரரசு நடுவில் சதுரத் துளையிட்ட வட்டக் காசை எங்கும் நிலைநிறுத்தியது. கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சியைப் பிடித்த வாங் மாங், பழைய சோவ் காலத்தை மீட்கிறேன் என்று சொல்லி, பொன், வெள்ளி, ஆமை ஓடு, சோழி, செம்பு என 28 தரங்களில் பணம் வெளியிட்டார். பெரிய சோழி இரண்டுக்கு 216 காசு என்று ஆணை. மக்கள் சட்டை செய்யவில்லை. பழைய காசையே திருட்டுத்தனமாகப் புழங்கினார்கள். ஆணையிட்டுச் சோழியைப் பணமாக்க முடியாது என்பதற்கு அதுவே சாட்சி. அப்போது சீனத்தின் நடுநிலங்களில் சோழி ஏற்கெனவே எழுத்துக்குள் மட்டுமே வாழ்ந்துகொண்டிருந்தது.

காசாக அது நிஜமாகவே வாழ்ந்தது தென்மேற்கு மூலையில், யுன்னானில். அங்கேகூடத் தொடக்கம் காசாக இல்லை. தியான் ஏரிக்கரையில் ஷிசாய்ஷான் என்ற குன்றில் 1955 முதல் நடந்த அகழாய்வுகளில், கி.மு. இரண்டு, ஒன்றாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தியான் நாட்டுப் பெருமக்களின் கல்லறைகள் வெளிப்பட்டன. ஹான் பேரரசன் தியான் அரசனுக்குக் கொடுத்த தங்க முத்திரை 1956-ல் அங்கேதான் கிடைத்தது. அந்தக் கல்லறைகளின் தனிச்சிறப்பு, சோழி நிரப்பி வைத்த வெண்கலப் பேழைகள். மூடியின் மேல் சிறுசிறு உருவங்களால் ஒரு முழு உலகமே நிற்கும். ஒரு மூடியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். தூண்வீட்டின் நடுவே தலைவி உயர்ந்த இருக்கையில் இருக்கிறாள், சுற்றிலும் முரசுகள், பலியிடக் கட்டிய மனிதர்கள், கூடை வைத்திருக்கும் பெண்கள். நகக்கண் அளவு முகங்கள். இவ்வளவு வேலைப்பாடுள்ள பெட்டியில் சில்லறை போட்டு வைப்பார்களா? அது கருவூலம், செலவுக்கு எடுக்கும் உண்டியல் அல்ல.

சில்லறைச் சோழி பின்னால் வந்தது. நான்சாவ், தாலி என்ற அரசுகள் யுன்னானை ஆண்டபோது, வங்காளத்தோடும் இன்றைய மியான்மரோடும் நடந்த வணிகத்தில் சோழி மூட்டை மூட்டையாக ஏறி வந்தது. 1253-ல் மங்கோலியர் தாலியைப் பிடித்தபோது, சந்தையில் அதுவே பணம். பேரரசர் குப்ளாய் காகிதப் பணத்தைத் திணிக்கப் பார்த்தார். அவரால் 1274-ல் ஆளுநராக அனுப்பப்பட்டவர் புகாராவைப் பூர்வீகமாகக் கொண்ட சையது அஜல் ஷம்சுத்தீன். மக்களுக்குக் காகிதம் பழக்கமில்லை, சோழியை விட்டுவிடுங்கள் என்று அரசவைக்கு அவர் எழுதி அனுமதி வாங்கினார். வெளியிலிருந்து திருட்டுச் சோழி கொண்டுவந்து கொட்டுவதற்கு மங்கோலியரின் யுவான் அரசு தடை போட வேண்டியிருந்தது. கள்ளநோட்டைப் பிடிப்பதுபோல் கள்ளச்சோழியைப் பிடித்திருக்கிறார்கள்.

மார்க்கோ போலோ இந்தப் பகுதியைச் சொல்லும்போது, இந்தியாவிலிருந்து வரும் வெண்சோழி இங்கே பணம், 80 சோழிக்கு ஒரு சாஜியோ எடை வெள்ளி என்கிறார். இந்த 80 என்ற எண்ணில் ஒரு வரலாறு இருக்கிறது. யுன்னானில் நான்கு சோழி ஒரு ‘கை’. நான்கு கை ஒரு கட்டு. ஐந்து கட்டு ஒரு சரடு. நான்கு, பதினாறு, எண்பது. வங்காளத்தில் நான்கு கவுரி ஒரு கண்டா. இருபது கண்டா ஒரு பண். அங்கேயும் எண்பது. நான்கு நான்காக எண்ணுவது சீனத்தின் பத்துப் பத்தான கணக்கல்ல, வங்காளத்தின் வழக்கம் என்று வரலாற்றாசிரியர் யாங் பின் காட்டியிருக்கிறார். யுன்னான் அரசியலில் பெய்ஜிங்கைச் சேர்ந்திருந்தபோதும் அதன் சந்தை வங்காள விரிகுடாவைச் சேர்ந்திருந்தது. இடையில் இருந்த தாய்லாந்திலும் சோழிதான் சில்லறை. தாய் மொழியில் சோழிக்குப் ‘பியா’ என்று பெயர். கடனுக்கான வட்டியை இன்றும் அவர்கள் ‘பியாவின் பூ’ என்ற பொருளுடைய சொல்லால்தான் குறிக்கிறார்கள்.

இந்தச் சந்தைச் சோழிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஊற்று மாலத்தீவு. 1340-களில் அங்கே காஜியாக இருந்த இப்னு பதூதா அறுவடையை நேரில் பார்த்து எழுதினார். கடலில் எடுத்த சோழியைக் கரையில் குழி தோண்டிப் போட்டு வைப்பார்கள். சதை அழுகி, வெள்ளை ஓடு மட்டும் மிஞ்சும். தங்கத் தினார் ஒன்றுக்கு 4 லட்சம் சோழி. மலிந்துபோனால் 12 லட்சம். வங்காளத்தார் அரிசி கொடுத்து வாங்கிப் போவார்கள். அதே பதூதா பின்னர் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலியில், தினாருக்கு 1,150 சோழி விற்பதைக் கண்டார். கடலோரத்தில் குழியில் அழுகும் பண்டம், பாலைவனத்தைத் தாண்டினால் நூற்றுக்கணக்கான மடங்கு. இந்தக் கடல்வழியில் தமிழருக்கும் ஒரு பங்குண்டு. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி கடைசியில் சேர்த்துக்கொள்ளும் ‘பழந்தீவு பன்னீராயிரம்’ மாலத்தீவுதான் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

பதினைந்தாம் நூற்றாண்டில் செங் ஹேயின் கப்பல்களில் மொழிபெயர்ப்பாளராகப் போன மா ஹுவானும் மாலத்தீவின் சோழிக் குவியல்களை எழுதியிருக்கிறார். மலைபோல் குவித்து அழுகவிட்டு, சயாமுக்கும் வங்காளத்துக்கும் விற்கிறார்கள் என்று அவர் வேற்று நாட்டு அதிசயமாகத்தான் அதைக் குறிக்கிறார். படைத்தலைவர் செங் ஹேக்கு அது அதிசயமாக இருந்திருக்காது. அவர் 1371-ல் பிறந்தது யுன்னானில், தியான் ஏரிக்கரை ஊரான குன்யாங்கில். சையது அஜலின் வழித்தோன்றல் என்பது அவர் குடும்ப வரலாறு. மிங் படை யுன்னானைப் பிடித்தபோது சிறுவனாகச் சிறைப்பட்டு, விதையடிக்கப்பட்டு அரண்மனைச் சேவகத்துக்கு அனுப்பப்பட்டார். அதுவரை அவர் கடைத்தெருவில் பார்த்த பணம் சோழிதான். ‘பாவ்ச்சுவான்’, அதாவது அரும்பொருள் கப்பல், என்று பெயர் பெற்ற அவருடைய பெருங்கலங்கள் ஒட்டகச்சிவிங்கி முதல் வாசனைப் பொருள் வரை பேரரசனுக்கு ஏற்றி வந்தன. சோழிக்கு அந்தப் பெருமைப் பட்டியலில் இடமில்லை.

காசான சோழி எவ்வளவு சாதாரணமானது என்பதற்கு வங்காளத்தின் சில்ஹெட் நல்ல உதாரணம். 1778-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டராக அங்கே போன ராபர்ட் லிண்ட்சே, மாவட்டத்தின் வருவாய் இரண்டரை லட்சம் ரூபாயும் சோழியாகவே வந்தது என்று எழுதினார். ரூபாய்க்கு 5,120 சோழி. பெருக்கிப் பார்த்தால் 128 கோடி. எண்ணவும் அடுக்கவும் கிடங்கு, டாக்காவுக்கு ஏற்றிப்போகப் படகு வரிசை. இதே நூற்றாண்டில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாலத்தீவுச் சோழியை ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் கொண்டுபோய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவில் இறக்கி, மனிதர்களை விலைக்கு வாங்கினார்கள். ஜான் ஹோகெண்டார்னும் மேரியன் ஜான்சனும் 1986-ல் எழுதிய நூல் இந்தக் கணக்கைக் கப்பல் கப்பலாகத் தொகுத்திருக்கிறது. யுன்னானில் சோழிப் பணம் பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் மடிந்துபோனது. உள்ளூர்ச் செம்பில் காசு அடிக்கத் தொடங்கியதும் ஒரு காரணம். ஐரோப்பியர் சோழியை ஆப்பிரிக்காப் பக்கம் திருப்பிக்கொண்டதும் ஒரு காரணம் என்கிறார்கள்.

பாவ்பெய் என்ற பேச்சுச் சொல் இந்தச் சந்தைச் சோழியின் வாரிசு அல்ல என்பதற்குப் புனைகதையே சாட்சி. 1592-ல் அச்சேறிய ‘மேற்குப் பயணம்’ நாவலில் பக்கத்துக்குப் பக்கம் பாவ்பெய் வருகிறது. அங்கே அதற்குப் பொருள் மந்திரக் கருவி. குரங்கரசன் சுன் வூகோங் கடலரசனிடமிருந்து பறித்த 13,500 காட்டி எடையுள்ள தடி ஒரு பாவ்பெய். பொற்கொம்பன், வெள்ளிக்கொம்பன் என்ற இரண்டு அரக்கரிடம் இருக்கும் செங்குடுக்கை இன்னொன்று. குடுக்கையைக் கவிழ்த்துப் பிடித்து ஒருவனைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவன் ‘ஏன்’ என்றால் போதும், உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைத் தூக்கி வரும் இரண்டு குட்டி அரக்கரை வூகோங் வழிமறித்து, தன் மயிரைப் பிடுங்கிப் பொய்க் குடுக்கை செய்து, உன்னுடையது ஆளைத்தான் அடைக்கும், என்னுடையது வானத்தையே அடைக்கும் என்கிறான். வானத்தை இருட்டாக்கிக் காட்ட தேவலோகத்தில் ஆள் வைத்து ஏற்பாடும் செய்கிறான். முட்டாள்கள் பண்டமாற்றுக்கு ஒப்புகிறார்கள். இந்த நாவலில் பாவ்பெய் திருடப்படும், ஏமாற்றிப் பறிக்கப்படும், கடன் வாங்கப்படும், உரியவரிடம் திரும்பிப் போகும். காசு கொடுத்து வாங்குவது என்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். செங்குடுக்கையும் கடைசியில் அதன் சொந்தக்காரரான லாவோசியிடமே போகிறது. அவருக்கு அது மருந்து வைக்கும் குடுக்கை, அவ்வளவுதான்.

அரண்மனையில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. ச்சிங் மரபின் காலத்தில், அரண்மனை அண்ணகர்களிடமிருந்து விதையடித்து நீக்கிய உறுப்பை ஜாடியில் பதப்படுத்தி வைப்பார்கள். அதற்குப் பெயர் ‘பாவ்’. பதவி உயரும்போது அதைக் காட்ட வேண்டும். இறந்தால் உடலோடு சேர்த்துப் புதைக்க வேண்டும். குறைப்பட்ட உடலோடு முன்னோரிடம் போகக் கூடாது என்பது நம்பிக்கை. ஆங்கிலேயர் ஸ்டென்ட் 1877-ல் இந்த வழக்கத்தை விரிவாகப் பதிவு செய்தார். கடைசி அரண்மனை அண்ணகரான சுன் யாவ்டிங் 1996-ல் இறந்தார். கலாசாரப் புரட்சியின்போது, பழைய சமுதாயத்தின் அடையாளம் வீட்டில் இருந்தால் ஆபத்து என்று பயந்து அவர் குடும்பத்தார் அந்த ஜாடியைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். அது வேறு யாருக்கும் ஒரு காசு பெறாது. அவருக்கு ஈடு இல்லாதது.

1950-களின் எழுத்துச் சீர்திருத்தத்தில் பாவ் என்ற எழுத்து இளைத்தது. பழைய வடிவத்தில் கூரைக்குக் கீழே ஜேடும் கலயமும் சோழியும் இருந்தன. புதியதில் ஜேடு மட்டும் மிஞ்சியது. வாங்கு, விற்பனை என்ற எழுத்துகளிலிருந்தும் சோழி போய்விட்டது. இந்த எழுத்துகளிலிருந்து சோழி உதிர்ந்த நாட்டில், 2003-ல் அலிபாபா நிறுவனம் தொடங்கிய தாவ்பாவ் இணையக்கடை, விற்பனைக்கு வைத்த ஒவ்வொரு பொருளையும் பாவ்பெய் என்று அழைக்கத் தொடங்கியது. சட்டையும் பாவ்பெய், செருப்பும் பாவ்பெய், கைபேசி உறையும் பாவ்பெய். நெடுங்காலமாக விலைக்கு வெளியே நின்ற சொல்லுக்கு விலைச்சீட்டு ஒட்டியது தாவ்பாவ்தான். கவர்ச்சியான தந்திரம், ஆனால் சொல்லின் மதிப்பைத் தின்னும் தந்திரம் என்பது என் எண்ணம்.

அதே சொல்லை அதன் பழைய கனத்தோடு பிடித்துக்கொண்டிருப்பவர்கள் வேறு சிலர். 2007-ல் ஜிலின் மாநிலத்தின் தோங்ஹுவா நகரில் சாங் பாவ்யான் என்ற பெண்ணும் அவர் கணவரும் காணாமல் போன பிள்ளைகளைத் தேட ஒரு தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார்கள். பெயர் ‘பாவ்பெய் ஹுவெய்சியா’: செல்லமே, வீட்டுக்குத் திரும்பு. அவர்கள் தேடும் பிள்ளைகளில் பலர் கடத்தி விற்கப்பட்டவர்கள். ஆண் வாரிசு வேண்டும் என்பவர்கள் பணம் கொடுத்து வாங்கியிருப்பார்கள். 2009-ல் பொதுப் பாதுகாப்பு அமைச்சகம் காணாமல் போன பிள்ளைகளுக்கென டிஎன்ஏ தரவுத்தளம் அமைத்தது. இருபது, முப்பது ஆண்டு கழித்தும் பெற்றோர் பிள்ளையைக் கண்டடைவது அதனால் நடக்கிறது.

சட்டம் இந்தப் பாவ்பெய்களை எப்படி மதிக்கிறது? சீனக் குற்றவியல் சட்டத்தின் 240-ஆம் பிரிவின்படி, பெண்ணையோ குழந்தையையோ கடத்தி விற்றவனுக்கு 5 ஆண்டில் தொடங்கி மரண தண்டனை வரை உண்டு. 241-ஆம் பிரிவின்படி, வாங்கியவனுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. 2015 திருத்தத்துக்கு முன், வாங்கிய பிள்ளையைத் துன்புறுத்தாமலும் மீட்பைத் தடுக்காமலும் இருந்தால் வழக்கே போடாமல் விடவும் இடமிருந்தது. 2022-ன் தொடக்கத்தில் ஜியாங்சு மாநிலத்தில் கழுத்தில் சங்கிலியோடு ஒரு பெண் கண்டுபிடிக்கப்பட்டபோது நாடெங்கும் எழுந்த விவாதத்தில், சட்டப் பேராசிரியர்கள் 341-ஆம் பிரிவை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள். அரிய, அழிநிலையிலுள்ள விலங்கை விலைக்கு வாங்கினால், விற்றவனுக்குள்ள அதே தண்டனை. மிகக் கடுமையான நேர்வில் 10 ஆண்டுக்கும் மேல். அரிய கிளியை வாங்கியவன், பிறர் பெற்ற பிள்ளையை வாங்கியவனைவிடக் கூடுதல் காலம் சிறையில் இருக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. வாங்குபவன் தண்டனையை உயர்த்த வேண்டும் என்று அந்த ஆண்டு தேசிய மக்கள் பேரவை உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். கேட்டது நியாயம்.